பூஸ்டரா, சிங்கிளா, பொதுப்பெட்டியா? யாழ்ப்பாணத்தில் மேஜிக் ஆடக் காசை எதில் போடுவது

நல்லூர்த் திருவிழா முடிந்து வெளிநாட்டுச் சொந்தங்கள் திரும்பிப் போனதும் மேஜிக் த கதரிங் என்ற அட்டை ஆட்டத்தைப் பற்றி ஒரே கேள்வியோடு மூன்று நான்கு பேர் என்னிடம் வருவார்கள். "அண்ணை, கனடாவில இருந்து மாமா வந்தவர். மேஜிக் பக்கற் கொஞ்சம் தந்திட்டுப் போட்டார். உடைச்சுப் பாத்தம், ஒண்டும் விளங்கேல்லை. இனி என்ன வாங்கினா ஒழுங்கா விளையாடலாம்?" கேட்பவர்களில் பாதிப்பேர் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருப்பவர்கள். மீதிப்பேர் திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்து நிற்கும் கம்பஸ் பிள்ளைகள். கையில் இருப்பது அநேகமாகப் பதினையாயிரம் ரூபா. அந்தக் காசு வீட்டில் கேட்டு வாங்கியதாகவோ, ரியூசன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததாகவோ இருக்கும். அதை வீணாக்க எனக்கு மனம் வராது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சீட்டாட்டம் என்றால் முன்னூற்றிநாலு. 32 தாள், 304 புள்ளி, நாலு பேர். ஒரு கட்டு வாங்கினால் அது கிழியும்வரை நாலு பேருக்கும் அதுவே போதும். என்னிடம் காசு கூட என்பதற்காக எனக்கு நல்ல தாள் விழாது. மேஜிக் அப்படி இல்லை. 1993இல் றிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் டெக்கை, அதாவது ஆடும் கட்டை, தானே அடுக்கிக்கொண்டு வர வேண்டும். அடுக்கும் வேலைதான் இதன் பெரிய சந்தோசம். காசு கரைவதும் அந்த இடத்தில்தான்.

விலை ஏன் இப்படி ஏறியது

முதலில் எங்கள் பக்கக் காரணம். 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது. அந்த மே மாதம் 360 அளவுக்குப் போனது. பிறகு இறங்கி 300 அளவில் நின்றது. அட்டை விலை அமெரிக்காவில் ஒரு சதம்கூட ஏறாமல் இருந்திருந்தாலும் எங்களுக்கு அது ஒன்றரை மடங்கு. அதற்குமேல் 2024 ஜனவரி 1இலிருந்து வற் வரி 18 வீதம். கீழே வரும் கணக்கெல்லாம் டொலருக்கு 300 ரூபா என்று போட்டது.

அடுத்தது, தயாரிப்பவர்கள் பக்கம். விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 2019இல் சில்லறை விலை அறிவிப்பதை நிறுத்தி, 2025இல் திரும்பவும் தொடங்கியது. அந்த ஆண்டு வந்த ஈதர்டிரிஃப்ட் செட்டில், அதாவது புதிய அட்டைத் தொகுதியில், ஒரு பிளே பூஸ்டர் (உள்ளே என்ன விழும் என்று தெரியாத மூடிய பக்கற்) 5.49 டொலர். ஜூனில் வந்த ஃபைனல் ஃபாண்டஸி செட்டில் அதே 14 அட்டைப் பக்கற் 6.99 டொலர். அடுக்கியபடியே பெட்டியில் வரும் தயார் கொமாண்டர் டெக் 44.99இலிருந்து 69.99க்கு ஏறியது. வீடியோ கேம் இரசிகர்களும் வந்து அள்ளியதால் அந்த விலைக்கும் கிடைக்காமல் போன நாட்கள் இருந்தன. ஓர் ஆண்டுக்குள், அண்மைய செட்டுகளை மட்டும் வைத்து ஆடும் ஸ்ராண்டர்ட் ஆட்டத்துக்குச் செல்லுபடியாகும் செட்டுகள் ஆறு வந்தன. ஒவ்வொன்றையும் துரத்தினால் யாராலும் ஈடுகொடுக்க முடியாது.

மூன்றாவது காரணம் பழையது. ஆனால் வாங்கப் போகிறவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1995இல் குரொனிக்கிள்ஸ் என்ற செட்டில் பழைய அரிய அட்டைகளை மறுபடி அச்சிட்டார்கள். சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களை ஆற்ற 1996இல் ஒரு பட்டியல் வெளியிட்டு, "இதில் உள்ளவற்றை இனி அச்சிடமாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தார்கள். அதுதான் றிசேர்வ்ட் லிஸ்ட். ஆகப் பெயர்பெற்ற பழைய அட்டையான பிளாக் லோட்டஸ் அதில் இருக்கிறது. லாண்ட் என்பது மற்ற அட்டைகளை ஆடச் சக்தி தரும் அட்டை; முதல் செட்டுகளில் வந்த, இரண்டு நிறச் சக்தி தரும் டுவல் லாண்ட் பத்தும் அதில் இருக்கின்றன. இருப்பது இருப்பதுதான், ஆட வருகிறவர் மட்டும் கூடிக்கொண்டே போகிறார். ஆகவே அந்த அட்டைகளின் விலை இறங்கும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை.

பட்டியலில் இல்லாத அட்டைகள் வேறு சாதி. அவற்றை எப்போதும் மறுபடி அச்சிடலாம், அச்சிட்டதும் விலை இறங்கும். ஃபெட்ச் லாண்ட் என்று சொல்லும் அட்டைகள் 2014இல் ஐந்தும், 2021இல் மற்ற ஐந்தும் மறுபதிப்பானபோது இதைக் கண்ணால் பார்த்தோம். ஓர் அட்டை விலை ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது, அது அந்தப் பட்டியலில் உள்ளதா இல்லையா என்பதைத்தான். இல்லையென்றால் பொறுக்கலாம்.

எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விசயம் பார்க்கிறேன். வரிசையும் முக்கியம்.

முதலாவது, எதிரில் இருந்து ஆட ஆள் உண்டா? கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் இதைக் கடைசியாக யோசிக்கலாம். யாழ்ப்பாணத்தில் இதுதான் முதல். எவ்வளவு நல்ல டெக் இருந்தாலும் எதிரில் ஆள் இல்லாவிட்டால் அது அலுமாரிக்குள் கிடக்கும் பெட்டி.

இரண்டாவது, கைக்கு வந்து சேரும் விலை. கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் டொலர் விலை இல்லை. தபால் கூலி, சுங்கம், வரி எல்லாம் சேர்ந்தது. சுங்கத்தில் பொருளின் விலையோடு கூலியையும் சேர்த்துத்தான் பெறுமதி பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, வாங்கி எத்தனை நாளில் முதல் ஆட்டம். நாலாவது, எத்தனை காலத்துக்கு அது செல்லும். ஐந்தாவது, நாளைக்கு வெளிநாடு போகவோ கலியாணம் கட்டவோ நேர்ந்தால் திரும்பக் காசாக்கலாமா.

வீட்டு அபிப்பிராயத்தையும் சொல்ல வேண்டும். "கடதாசி விளையாட்டு" என்றால் பல வீடுகளில் இன்னும் சூதாட்டம்தான். பூஸ்டர் உடைப்பது தள்ளி நின்று பார்க்கிற அம்மாவுக்கு லொத்தர் சுரண்டுவது போலத் தெரியும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்பதைக் கீழே உள்ள கணக்கே காட்டும்.

பூஸ்டர் பக்கற்

2025 விலைப்படி ஒரு பிளே பூஸ்டர் 5.49 டொலர், ஏறக்குறைய 1,650 ரூபா. 15,000 ரூபாவுக்கு ஒன்பது பக்கற். உள்ளே அநேகம் எளிதில் கிடைக்கும் கொமன், கொஞ்சம் அன்கொமன், நிச்சயமாக ஓர் அரிய றெயார் அல்லது அதைவிட அரிய மிதிக். மிதிக் விழுவது ஏறக்குறைய ஏழு பக்கற்றுக்கு ஒன்றில்.

உங்களுக்கு வேண்டிய அட்டை ஒரு மிதிக் என்று வையுங்கள். செட்டில் 20 மிதிக் இருந்தால், அந்தக் குறிப்பிட்ட ஒன்று விழச் சராசரியாக 140 பக்கற் உடைக்க வேண்டும். 140ஐ 1,650ஆல் பெருக்கினால் 2,31,000 ரூபா. அதே அட்டை தனியாக 30 டொலருக்கு விற்றாலும் 9,000 ரூபாதான். இதைத் தெரியாமல் நான் என் முதல் இரண்டு வருடத்தையும் பக்கற்றில் போட்டேன். அந்தக் காலத்து அட்டைகள் இன்னும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கின்றன. மேஜிக் அட்டைகளின் ஐந்து நிறப் பிரிவும் கலந்து, எந்த டெக்குக்கும் முழுதாகப் பொருந்தாமல்.

மறைந்திருக்கும் செலவு இன்னும் உண்டு. மினுங்கும் ஃபொயில் அட்டை விழுந்தால் சந்தோசம்தான். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டையின் கடதாசிப் பக்கம் ஈரத்தை உறிஞ்சும், ஃபொயில் படலம் உறிஞ்சாது. ஆகவே அது வில்லுப்போல வளைந்துவிடும். வளைந்த அட்டை எது என்று கட்டுக்குள்ளேயே கண்டுபிடிக்கலாம் என்பதால் போட்டியில் அதை அனுமதிக்கவும் மாட்டார்கள்.

பிறகு பூஸ்டர் எப்போது சரி? நாலு பேர், உடைக்காத பன்னிரண்டு பக்கற். ஆளுக்கு மூன்று. ஒரு பக்கற்றை உடைத்து ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பது. அவர் ஒன்றை எடுத்து அடுத்தவருக்கு. இதுதான் டிராஃப்ட். எடுத்ததில் 40 அட்டை டெக் ஒன்று அடுக்கி அன்றைக்கே ஆடலாம். மாமா பக்கற்தான் கொண்டு வருவார் என்று தெரிந்தால், அவர் படலையைத் திறக்கும் முன்னமே மூன்று பேரைச் சேர்த்து வையுங்கள். தனியே இருந்து உடைத்துவிட்டால் இந்த ஆட்டம் போய்விடும்.

தயார் கொமாண்டர் டெக்

கொமாண்டர் என்பது நூறு அட்டை ஆட்டம். அடிப்படை லாண்ட் தவிர எந்த அட்டையும் ஒன்றுக்குமேல் வைக்க முடியாது. ஒரு புகழ்பெற்ற பாத்திரம் தலைவர். ஆளுக்கு 40 உயிர். வழக்கமாக நாலு பேர், ஒவ்வொருவரும் தனித்தனி. நாலு பேர் வட்டமாக இருந்து பேசி, கூட்டுச் சேர்ந்து, கூட்டை உடைத்து ஆடுவது எங்கள் ஆட்களுக்கு உடனே பிடிபடும்.

44.99 டொலர் டெக் 13,500 ரூபா. பெட்டியைத் திறந்தால் நூறு அட்டையும் அடுக்கியபடி இருக்கும். பத்து நிமிடத்தில் ஆட்டம். எங்கு பார்த்தாலும் தேவைப்படும் சோல் ரிங் அட்டையும் இந்தப் பெட்டிகளுக்குள் வந்துவிடும். ஸ்ராண்டர்ட் போல மூன்று வருடத்தில் செல்லாமல் போவதும் இல்லை. இன்றைக்கு வாங்கியதைப் பத்து வருடம் கழித்தும் எடுத்து ஆடலாம்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று நேரம். நாலு புதியவர்கள் இருந்தால் ஓர் ஆட்டம் இரண்டு மணித்தியாலம் போகும், யாரும் அதைச் சொல்லி வைப்பதில்லை. மற்றது மேம்படுத்தும் ஆசை. "பத்து அட்டையை மாத்தினா டெக் பறக்கும்" என்று தொடங்குவோம். அந்தப் பத்து அட்டை டெக்கின் விலையைத் தாண்டும். அதைக் கண்டு மற்ற மூன்று பேரும் மாற்றுவார்கள். 2024 செப்டெம்பர் 23இல் மேனா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ் உட்பட நாலு அட்டைகளைக் கொமாண்டரில் தடைசெய்தபோது, 100 டொலருக்கு மேல் கொடுத்து மேனா கிரிப்ட் வாங்கியவர்கள் ஒரே இரவில் பாதிக்காசை இழந்தார்கள். விலையேறிய அட்டை சேமிப்பு என்று நினைப்பவர்கள் இந்தத் திகதியை மனதில் வைத்திருக்கட்டும்.

ஏற்கெனவே கொமாண்டர் ஆடும் கூட்டம் ஒன்றில் புதிதாகச் சேர்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினால், நாலு பேரும் அதே செட்டின் தயார் டெக்கை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஓர் அட்டையும் மாற்றுவதில்லை என்று பேசிக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் அந்த உடன்பாடு நாலு மாதம் தாங்கியது. அந்த நாலு மாதமும் ஆடிய ஆட்டம் மறக்க முடியாதது.

சிங்கிள்ஸ்

எந்த டெக் வேண்டும் என்று முதலில் முடிவெடுத்து, அதற்குத் தேவையான அட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக வாங்குவது. கணக்குப்படி பார்த்தால் பூஸ்டரை இது எப்போதும் வெல்லும். சிக்கல், யாழ்ப்பாணத்தில் இருந்து எப்படி வாங்குவது என்பதில்.

அமெரிக்காவின் பெரிய சந்தையான ரிசிஜிபிளேயர் அமெரிக்க முகவரிக்குத்தான். கார்ட்மார்க்கெட் ஐரோப்பாவுக்குள். ஆகவே எங்களுக்கு வழி, அங்கே இருக்கும் அண்ணாவோ அத்தையோதான். பாரிசிலோ சூரிச்சிலோ ஒருவர் இருந்தால் அவர் முகவரிக்கு எடுத்து, ஊருக்கு வருகிறவர் கைப்பையில் கொண்டு வரலாம். நூறு அட்டை இருநூறு கிராம்கூட வராது. ஆனால் அவரிடம் ஒரு பட்டியலை அனுப்பி "வாங்கித் தாங்கோ" என்று மட்டும் சொன்னால் அவர் இருபது விற்பனையாளரிடம் இருபது தபால் கூலி கட்டுவார். எனக்கு அது நடந்தது. 30 சத அட்டைக்கு ஒன்றேகால் யூரோ கூலி. சிரமத்தைப் பார்க்காமல் இரண்டு மூன்று விற்பனையாளருக்குள் முழுப் பட்டியலையும் அடக்கி அனுப்புங்கள். அந்தத் தளங்களிலேயே அப்படி ஒடுக்கித் தரும் வசதியும் இருக்கிறது.

இன்னும் மூன்று புத்தி. கொஞ்சம் பாவித்த அட்டைக்கு விலை குறைவு, பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டால் வித்தியாசம் தெரியாது. புதிய செட் வந்த கிழமையில் வாங்காதீர்கள். அப்போது எல்லாரும் தேடுவார்கள், பெட்டிகள் இன்னும் முழுதாக உடைபட்டிருக்கமாட்டா. ஒரு மாதம் ஒன்றரை மாதம் பொறுத்தால் அநேகமான அட்டைகள் இறங்கும். கடைசியாக, மலிவு என்று கண்ணை மூடி வாங்காதீர்கள். ஓர் இணையக் கடையில் நான் எடுத்த எட்டு அட்டையில் ஐந்து போலி. மேஜிக் அட்டையின் பின்பக்கம் ஐந்து நிறப் புள்ளிகள் இருக்கும். பச்சைப் புள்ளிக்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உண்மையான அட்டையில் நாலு சிறு சிவப்புப் புள்ளிகள் 'ட' எழுத்தைப் போல மடங்கி நிற்கும். என் ஐந்திலும் அது வெறும் மங்கல்.

அறுபது அட்டை ஆட்டத்தில் ஆழமாக இறங்க நினைப்பவர், ஒரே டெக்கை வருடக்கணக்காகத் தேய்க்கும் குணம் உள்ளவர், சிங்கிள்ஸ் எடுக்கட்டும். அவருக்கு நான் சொல்வது போப்பர். கொமன் அட்டைகளை மட்டும் வைத்து அடுக்கும் ஆட்டம் அது. 2019இல் அதிகாரபூர்வமாக ஒழுங்குபடுத்தினார்கள். பெரும்பாலான அட்டைகள் ஒரு டொலருக்குக் கீழே. லைட்னிங் போல்ட் போன்ற, 1993இலிருந்தே கூர்மை குறையாத அட்டைகள் அதில் செல்லும். ஏழைகளின் ஆட்டம் என்று பெயர் வைத்தாலும் யோசனையில் அது எந்த ஆட்டத்துக்கும் குறைந்ததல்ல.

புரொக்ஸி

அட்டைப் படத்தை அச்சடித்து, வெட்டி, ஒரு சாதாரண லாண்ட் அட்டைக்கு முன்னால் வைத்து உறைக்குள் போடுவது. ஓர் அட்டை 63க்கு 88 மில்லிமீற்றர். ஏ4 தாளில் ஒன்பது கொள்ளும். கொமாண்டர் டெக்கில் லாண்ட் போக அறுபத்துச் சொச்சம் அட்டை, எட்டுத் தாள். ஒரு கலர் தாளுக்கு நூறு ரூபா என்று வைத்தாலும் 800 ரூபா. உறையும் சேர்த்து மூவாயிரத்துக்குள் ஒரு முழு டெக்.

இது களவா என்று கேட்பார்கள். விசார்ட்ஸ் நிறுவனமே 2016 ஜனவரியில் இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. சொந்தப் பாவனைக்கு, விற்காமல், பரிசோதித்துப் பார்க்க வைத்திருக்கும் அட்டையைத் தாங்கள் தடுப்பதில்லை. உண்மையானது என்று ஏமாற்றி விற்பதுதான் போலி. அவர்கள் அங்கீகரித்த போட்டியில் மட்டும் புரொக்ஸி செல்லாது, ஆட்டத்தின்போது பழுதான அட்டைக்கு நடுவர் எழுதிக் கொடுப்பதைத் தவிர. எங்கள் வீட்டு விறாந்தையில் அந்தச் சட்டம் இல்லை.

எனக்கு இதில் தயக்கம் இல்லை. ஒரு டொலர் 360 ஆன வருடத்தில் நாங்கள் ஆட்டத்தை விடாமல் இருந்தது புரொக்ஸியால்தான். றிசேர்வ்ட் லிஸ்ட் அட்டையைக் கையில் பிடித்து ஆடிப் பார்க்க யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வேறு வழியும் இல்லை. விசார்ட்ஸே 2022இல் முப்பதாவது ஆண்டு நினைவாகப் போட்டியில் செல்லாத மறுபதிப்பு ஒன்றை, நாலு பக்கற் 999 டொலர் என்று விற்றது. எட்டுத் தாள் அச்சடிக்கிற பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் அந்த விலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

செலவு இதிலும் உண்டு, வேறு மாதிரி. எல்லாமே அச்சடிக்கலாம் என்றானதும் நாலு பேரும் உலகத்தின் ஆகப் பலமான டெக்கை அச்சடிப்பார்கள். மூன்றாவது சுற்றில் ஆட்டம் முடியும். இரண்டு கிழமையில் அலுக்கும். அச்சடிக்கும் முன், "ஒரு டெக்கின் சந்தை விலை 50 டொலருக்கு மேல் போகக்கூடாது" என்பது போல ஓர் எல்லையை வையுங்கள். திரும்ப விற்க எதுவும் இருக்காது என்பதும் தெரிந்ததே.

அரீனா

கொம்பியூட்டரிலோ கைப்பேசியிலோ இலவசமாக ஆடும் மேஜிக். முழுப் பதிப்பு 2019இல் வந்தது. விதிகள் பழக இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. வைல்ட்கார்ட் சேர்த்தால் வேண்டிய அட்டையை நேரே எடுக்கலாம். போட்ட காசு திரும்பாது, மாற்றவும் விற்கவும் முடியாது. கொமாண்டரும் அதில் இல்லை. ஒரு மாதம் இதில் பழகிவிட்டு மேசைக்கு வாருங்கள். காசு கட்டாமல்.

பொதுப்பெட்டி, அதாவது போப்பர் கியூப்

நான் சொல்ல வந்தது இதைத்தான். கியூப் என்பது கவனமாகப் பொறுக்கிய அட்டைகள் உள்ள ஒரு பெட்டி. ஆளாளுக்கு டெக் கிடையாது. ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கலைத்து, டிராஃப்ட் செய்து, புதிதாக டெக் அடுக்கி, ஆடி, திரும்பப் பெட்டிக்குள் போடுவது. முன்னூற்றிநாலுக் கட்டு மாதிரி எல்லாருக்கும் அதே அட்டைகள். ஒருவர் காசு கூடப் போட்டு மற்றவரை முந்த முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக டெக் அடுக்குவதால், அடுக்கும் சந்தோசம் எந்த வழியையும்விட இதில் கூட.

நாலு பேருக்கு 180 அட்டை போதும். ஆளுக்கு 15 அட்டைப் பக்கற் மூன்று, 45 அட்டை. அதில் 23ஐ வைத்து 17 லாண்ட் சேர்த்து 40 அட்டை டெக். எங்கள் பெட்டியின் பிரிவு இப்படி: ஐந்து நிறத்துக்கும் 28 வீதம் 140, இரண்டு நிறச் சோடி பத்துக்கும் இரண்டு வீதம் 20, நிறமில்லாதவை 10, இரண்டு நிறம் தரும் லாண்ட் 10. ஒவ்வொரு நிறத்திலும் பாதிக்குக் குறையாமல் உயிரிகள் இருக்கட்டும். முதல் முறை அடுக்கியபோது மந்திர அட்டைகளைக் கூட வைத்து, மேசையில் ஒன்றும் நடக்காமல் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சைக்கு லானோவார் எல்வ்ஸ், நீலத்துக்குக் கவுண்டர்ஸ்பெல், சிவப்புக்கு லைட்னிங் போல்ட், கறுப்புக்குக் குர்மாக் ஆங்லர், வெள்ளைக்கு ஜேர்னி ரு நோவேர். இவை எல்லாம் கொமனாக அச்சானவை. இப்படித் தொடங்கினால் பெட்டி தானாக வடிவம் எடுக்கும்.

விலை? ஓர் அட்டைக்குச் சராசரி 25 சதம் என்று பட்டியலைப் போட்டால் 45 டொலர், 13,500 ரூபா. ஒரே ஒரு தயார் டெக்கின் விலை. அடிப்படை லாண்ட் ஒரு நிறத்துக்கு 16 வீதம் 80. அவற்றை உடைத்த பக்கற்றுகளில் இருந்தும் மற்றவர்கள் ஒதுக்கியதில் இருந்தும் சேர்க்கலாம். 260 உறையும் சேர்த்து எங்களுக்கு இருபதாயிரத்துக்குள் முடிந்தது. ஆளுக்கு ஐயாயிரம். பதினையாயிரம் வைத்திருந்த பிள்ளை மிச்சப் பத்தையும் வீட்டில் திருப்பிக் கொடுக்கலாம்.

கொமன் அட்டைகளின் விலை ஏறாதா என்றால், அநேகமாக இல்லை. சில மட்டும் ஏறும். அந்தச் சிலதை புரொக்ஸியாக வைத்தாலோ, அதே வேலை செய்யும் இன்னோர் அட்டையை மாற்றினாலோ பெட்டி குறைந்து போகாது. டெக்கில் ஓர் அட்டை இல்லையென்றால் டெக்கே ஆடாது. பெட்டியில் ஒன்று இல்லாவிட்டால் 179 இருக்கும்.

ஆடும் முறையையும் எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். டிராஃப்ட் முடிந்ததும் எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. இரண்டுக்கு இரண்டு. முன்னூற்றிநாலு ஆடிப் பழகிய என் சித்தப்பாவுக்கு விதி ஒன்றும் தெரியாத நாளிலேயே இந்த இருக்கை விளங்கிவிட்டது. அவர் இப்போது வெள்ளை நிறத்தை யாருக்கும் விடமாட்டார். வீட்டில் கடதாசிக்கு இருந்த எதிர்ப்பும் அத்தோடு கரைந்தது. சனசமூக நிலையத்தின் கரம் மேசைக்குப் பக்கத்து மேசையில் ஆடலாம். ஆனால் கரம் பவுடர் பட்ட கையோடு அட்டையைத் தொட விடாதீர்கள், உறைக்குள் போனால் வராது.

குறைகளையும் சொல்கிறேன். பட்டியல் போட ஒருவர் இரண்டு மூன்று இரவு உட்கார வேண்டும். நாலு பேரில் ஒருவர் வராவிட்டால் மூன்று பேரோடு ஆடலாம், சுவை குறையும். தனியே கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்ப் போட்டியில் ஆட ஆசைப்படுபவருக்கு இது உதவாது. "என் டெக்" என்று நெஞ்சோடு வைத்திருக்க எதுவும் இல்லை, சிலருக்கு அது பெரிய இழப்பு.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நாலு பேருக்கும் சேர்த்து | முதல் ஆட்டம் | எத்தனை காலம் | திரும்ப விற்க |
|---|---|---|---|---|
| பூஸ்டர், ஆளுக்கு 3, டிராஃப்ட் | 20,000 அளவில் | அன்றைக்கே | ஒரு நாள் | நல்லது விழுந்தால் |
| தயார் கொமாண்டர் டெக் | 54,000 | பத்து நிமிடம் | பல வருடம் | ஓரளவு |
| சிங்கிள்ஸ், போப்பர், ஆளுக்கு 40 டொலர் | 48,000 + கூலி | ஆள் வரும்வரை, மாதங்கள் | பல வருடம் | கடினம் |
| புரொக்ஸி | 12,000 | ஒரு கிழமை | அலுக்கும்வரை | இல்லை |
| அரீனா | 0 | இன்றைக்கே | விருப்பம்போல | இல்லை |
| போப்பர் கியூப் | 20,000 | பட்டியல், பயணம் சேர்த்து மாதங்கள் | பல வருடம் | பெட்டியாக மட்டும் |

முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒரே காசு. ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்றது எங்களுக்கு இதுவரை மூன்று வருடம்.

உங்கள் நிலைமைக்கு

தனி ஆள், ஊரில் வேறு யாரும் ஆடுவதாகத் தெரியவில்லை என்றால் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். அரீனாவில் பழகுங்கள். பிறகு இரண்டு புரொக்ஸி டெக் செய்து, ஒன்றை எதிரில் இருப்பவருக்குக் கொடுத்துக் கற்றுக்கொடுங்கள். இரண்டாவது டெக்கும் உங்களுடையதாக இருக்க வேண்டும். காசு போட்டு வா என்று சொன்னால் எவரும் வரமாட்டார்.

ஏற்கெனவே ஆடுகிற கூட்டத்தில் சேர்கிறீர்கள் என்றால் அவர்கள் எதை ஆடுகிறார்களோ அதை. கொமாண்டர் என்றால் தயார் டெக் ஒன்று, 44.99 டொலர் சாதியில். 69.99 பெட்டி படத்துக்காக, ஆட்டத்துக்காக அல்ல.

வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக இருப்பவர், அங்கே கடைகளில் போட்டி ஆடும் எண்ணம் உள்ளவர், சிங்கிள்ஸ் எடுக்கலாம். ஆனால் இங்கே வாங்கிச் சுமக்காமல் அங்கே போய் வாங்குங்கள். அதுவரை அதே டெக்கைப் புரொக்ஸியில் ஆடி, உங்களுக்குப் பிடிக்குமா என்று பாருங்கள்.

நாலு பேர் சேர்ந்திருக்கிறீர்கள், யாரிடமும் ஒன்றும் இல்லை என்றால் பொதுப்பெட்டி. வேறு யோசனை வேண்டாம். பெட்டி மழைக்காலத்தில் நனையாத இடத்தில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் நாலைந்தோடு இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் காசு சேர்க்கும் அன்றைக்கே பேசி எழுதி வைத்துவிடுங்கள்: பெட்டி யாருடையது? யாழ்ப்பாணத்தில் நாலு பேர் மூன்று வருடம் ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம். எங்கள் நாலு பேரில் ஒருவர் மொறட்டுவைக்குப் படிக்கப் போனார், ஒருவர் மெல்பேர்னில். போகிறவர் தன் ஐயாயிரத்தைக் கேட்டு வாங்கலாம், அட்டையைப் பிரித்துக் கொண்டு போக முடியாது என்பதுதான் எங்கள் உடன்பாடு. மெல்பேர்ன்காரர் காசு கேட்கவில்லை. அவருக்குப் பதில் கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி வருகிறார், பதினேழு வயது. அவர் பங்குக்குக் கொண்டு வந்தது காசு இல்லை. மாமா தந்த பக்கற்றுகளில் உடைத்து எடுத்த கொமன்கள், ஒரு பிஸ்கற் ரின் நிறைய. அதில் பதினொரு அட்டை இப்போது பெட்டிக்குள் இருக்கிறது.